ஏழு போதாது, எட்டு வேணும்

நான் கலைப்பீடம். கணினி எண்டால் அசைன்மென்ட் தட்டச்சுச் செய்யவும் படம் பாக்கவும் மட்டும்தான் எண்டு இருந்த ஆள். அப்பிடிப்பட்ட நான் போன விடுமுறையில கிட்டத்தட்ட மூண்டு கிழமை ‘கம்பைலர்’ எண்ட சொல்லோட படுத்து, அதோடயே எழும்பினன். ஏன் எண்டு கேட்ட நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில துண்டு துண்டாப் பதில் சொல்லிக் களைச்சுப்போச்சு. இதில முழுசா எழுதிவிடுறன்.

விசயம் ஒரு புத்தகம். பேசாலையில எங்கட பெரியப்பா அண்ணாவியார். மன்னார்க் கரையில கூத்தை நாங்கள் பெரும்பாலும் ‘நாடகம்’ எண்டுதான் சொல்லுறது, சுருக்கின வடிவத்தை ‘வாசாப்பு’ எண்டுவம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில மன்னார் நாடகங்களைப் பதிப்பிச்சது தமிழ் படிக்கிற ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மூவிராசாக்கள் நாடகம் அதில ஒண்டு. பெரியப்பாவிட்ட இருக்கிறது அவ்வளவு பேர்பெற்ற பதிப்பு இல்ல. அட்டை கழண்டு, முதல் நாலு பக்கம் இல்லாமல், அச்சுக்கூடத்தின்ர பேரும் தெரியாத ஒரு சின்னப் புத்தகம். ஈய எழுத்துக் கோத்து அடிச்சது. ஊரில வேற பிரதி இல்ல. அடுத்த வருசம் மேடை ஏத்துவம் எண்டு பொடியள் கேட்டிருக்கினம். ஆனா அந்தப் புத்தகத்தின்ர போட்டோகொப்பியை அவங்களால வாசிக்க ஏலாது. பெரியப்பாவுக்கும் கண்ணில புரை, பெரிய எழுத்தில இருந்தால்தான் சரிவரும். “பிள்ளை, கொம்பியூட்டரில அடிச்சுத் தாவன்” எண்டார். 96 பக்கம்.

போனில படம் எடுத்தா எழுத்தாக்கித் தருமே எண்டு நீங்கள் கேப்பீங்கள். தரும். புதுப் புத்தகம் எண்டால் நல்லாவே தரும். இது பழைய எழுத்து. தமிழ்நாட்டில 1978இல எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை மாதிரி 13 எழுத்தின்ர வடிவம் மாறினது. இலங்கை அச்சிலயும் பிறகு மெல்ல மெல்ல மாறிப்போச்சு. அதுக்கு முந்தின புத்தகத்தில ‘லை’ எண்டால் முன்னால தும்பிக்கை தூக்கின மாதிரி ஒரு சுழி, ‘னா’ எண்டால் கீழ வளைஞ்ச ஒரு வால். அந்தத் தும்பிக்கையை என்ர போன் அழுக்கு எண்டு நினைச்சு விட்டுட்டுது போல. ‘மலை’ எல்லாம் ‘மல’ ஆச்சு. ‘அன்னை’ ‘அன்ன’ ஆச்சு. ஒரு கத்தோலிக்க நாடகத்தில மாதாவை அன்னப்பறவையாக்கினால் ஊரில என்ன நடக்கும் எண்டு பேசாலை ஆக்களைக் கேளுங்கோ.

கையால அடிச்சிருக்கலாம். அடிக்கவும் தொடங்கினன். ஆனா பெரியப்பாவின்ர அலுமாரியில இந்த ஒண்டு மட்டும் இல்ல, இதே மாதிரி இன்னும் ஏழெட்டுக் கிடக்கு. சில வீடுகளில கையெழுத்துக் கொப்பிகளும் இருக்கு. பழைய எழுத்தை வாசிக்க ஒரு மிசினைப் பழக்கிவிட்டால் எல்லாத்துக்கும் உதவும். 2005இல தொடங்கின நூலகம் தளத்தில எங்கட ஊர்ப் பழம் புத்தகங்கள் எத்தினையோ படமாக் கிடக்கு. படம் கிடக்கு, ஆனா அதுக்குள்ள ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க அது எழுத்தாக வேணும்.

இதுக்கு எண்டே ஒரு சுதந்திர மென்பொருள் இருக்கு. பேர் டெசராக்ட். எச்.பி. நிறுவனத்தில 1985இல தொடங்கி 1994 வரை செய்தது. 2005இல அதின்ர சோர்ஸ் கோடை எல்லாருக்கும் திறந்துவிட்டவை. அதுக்குப் பிறகு 2018 வரைக்கும் கூகுள் வளர்த்தது, இப்ப தன்னார்வலர்கள் பாக்கினம். தமிழ் மாதிரி ஒண்டு அதோட வரும். அந்த மாதிரிக்கு எங்கட புத்தகத்தின்ர வரிகளைக் காட்டி, “இந்தப் படத்தில இருக்கிறது இந்த எழுத்து” எண்டு மேலதிகமாப் பழக்கலாம். இதில எனக்குப் பிடிச்ச விசயம் ஒண்டு: பழைய ‘லை’யும் புது ‘லை’யும் யூனிகோடில ஒரே எழுத்துத்தான், உருவம்தான் வேற. அதால மிசினுக்குப் புது எழுத்து எதையும் சொல்லிக்குடுக்கத் தேவையில்ல, பழைய உடுப்புப் போட்ட அதே ஆளைக் காட்டினால் போதும்.

இனித்தான் கதை தொடங்குது.

என்னட்டச் சொந்த லப்டொப் இல்ல. கம்பஸ் ஆய்வுகூடக் கணினிகளில ஒண்டும் நிறுவ விடமாட்டினம். விடுமுறையில கைக்குக் கிடைச்சது ஊரில ஒரு இளைஞர் நிலையத்தின்ர பழைய குட்டி லப்டொப். அட்டம் புரொசசர், 1 ஜி.பி. ராம், 32 பிட். அதில லுபுண்டு 18.04. “எடு பிள்ளை, ஆனா விண்டோ மாத்திறன், ஓ.எஸ். மாத்திறன் எண்டு ஒண்டும் செய்துபோடாதை, எங்கட கணக்கும் பிரிண்டரும் அதிலதான்” எண்டு சொல்லித்தான் தந்தவை. நியாயம். 32 பிட் மிசினுக்கு உபுண்டு 20.04 வெளியீடே இல்ல, அதால மேல ஏறவும் வழியில்ல. டெபியன் 12 போட்டால் எல்லாம் சுலபமா முடியும் எண்டு பிறகு ஒருத்தர் சொன்னார். உண்மைதான். அந்த வாக்குக் குடுக்காட்டிப் போட்டிருப்பன்.

18.04இல டெசராக்ட் பொதியா இருக்கு. ஆனா அது நாலாம் பதிப்பு, அதுவும் முழுசா வெளிவர முந்தி எடுத்த நிலை. பழக்கிறதுக்கு டெஸ்ட்ரெய்ன் எண்டொரு துணைத் தொகுதி வேணும். அதின்ர குறிப்பில தெளிவா எழுதிக் கிடக்கு: டெசராக்ட் 5.3 அல்லது அதுக்கு மேல. ஆக நான் புதுப் பதிப்பின்ர சோர்ஸ் கோடை இறக்கி நானே கட்டவேணும். 5.5ஐ எடுத்தன்.

கட்டிறது எண்டால் என்ன? சோர்ஸ் கோட் மனுசர் எழுதிற எழுத்து. மிசின் அதை நேர விளங்காது. கம்பைலர் எண்டது அந்த எழுத்தை மிசினின்ர பாசையாக்கித் தாற இன்னொரு மென்பொருள். டெசராக்ட் சி++ எண்ட மொழியில எழுதினது. அந்த மொழிக்கு ஒரு குழு இருக்கு, மூண்டு வருசத்துக்கு ஒருக்கா இலக்கணத்தைப் புதுப்பிக்கும். சி++11, சி++14, சி++17, சி++20 எண்டு வருசமே பேர். டெசராக்ட் நாலாம் பதிப்புக்கு சி++11 இலக்கணம் தெரிஞ்ச கம்பைலர் போதும். ஐந்தாம் பதிப்பு சி++17 கேக்கும்.

லினக்ஸில வழக்கமான கம்பைலர் ஜிசிசி. 18.04இல வழமையா இருக்கிறது ஜிசிசி 7.

முதல் நாள் நான் இதொண்டும் பாக்கேல்ல. கணினித்துறையில படிக்கிற என்ர தோழி, “எடி நீ ஏன் கஷ்டப்படுறாய், நான் என்ர மிசினில கட்டி அனுப்புறன்” எண்டு ஒரு கோப்பு அனுப்பினாள். அதைத் திறந்தா, ‘கோப்பின்ர வடிவம் பிழை’ எண்ட மாதிரி ஒரு வரி. அவளின்ர 64 பிட், என்ர 32 பிட். சரி, ரெண்டும் 64 எண்டு வைச்சாலும் ஓடியிருக்காது. அவளின்ரது உபுண்டு 22.04. புது மிசினில கட்டினது அந்த மிசினின்ர புது அடிப்படை லைப்ரரிகளைத் தேடும், பழைய மிசினில அது இருக்காது. பழசில கட்டினது புதுசில பெரும்பாலும் ஓடும், புதுசில கட்டினது பழசில ஓடாது. அதால கட்டிறதை இந்தக் குட்டி மிசினிலயே கட்டவேணும்.

கட்டினன். கொஞ்ச நேரம் ஓடிப்போட்டு நிண்டுது. ‘ஃபைல்சிஸ்டம்’ எண்ட பேரில ஒரு தலைப்புக் கோப்பைத் தேடினனாம், காணேல்லயாம்.

எனக்குக் குழப்பம். ஜிசிசி 7க்கு சி++17 தெரியும் எண்டுதானே எல்லா இடத்திலயும் போட்டிருக்கு. தொடக்கத்தில மிசின் பரிசோதிச்சபோதும் ‘சி++17 சரி’ எண்டுதான் சொன்னது. விடை வருசங்களில இருந்தது. ஜிசிசி 7 முதல்ல வெளிவந்தது 2017 மே மாதம். சி++17 இலக்கணம் முறைப்படி வெளியானது 2017 டிசம்பர். பாடப்புத்தகம் அச்சாக முந்தியே படிச்சு முடிச்ச பிள்ளை மாதிரி இந்தக் கம்பைலர். மொழியின்ர விதிகள் அதுக்குத் தெரியும், ஆனா அந்த இலக்கணத்தோட வந்த லைப்ரரியில இந்தப் பகுதி ‘பரிசோதனை’ எண்ட அடைப்புக்குள்ளதான் கிடக்கு. அந்த அடைப்பை எடுத்துவிட்டது 2018இல வந்த ஜிசிசி 8. அதிலயும் அந்தப் பகுதி ஒரு தனி லைப்ரரியா நிக்கும், இணைக்கேக்க நாங்கள்தான் பேர் சொல்லி இணைக்கவேணும். 2019இல வந்த ஜிசிசி 9இலதான் அது மற்றதுகளோட ஒண்டாச் சேந்தது.

ஆக, ‘சி++17 தெரியுமா’ எண்ட கேள்விக்கு ஆம், இல்லை எண்டு ஒரு சொல்லில பதில் இல்ல. எவ்வளவு தெரியும் எண்டு கேக்கவேணும். ஏழு போதாது, எட்டு வேணும்.

நல்ல காலம், 18.04இன்ர களஞ்சியத்திலயே ஜிசிசி 8 இருக்கு. ஏழை அகற்றாமல் பக்கத்திலயே போடலாம், ரெண்டும் சண்டை பிடிக்காது. இந்த இடத்தில இணையத்தில பாதிப்பேர் சொல்லுற ஆலோசனை: எட்டை நிறுவி, மிசினின்ர வழமையான கம்பைலரையே எட்டா மாத்திவிடு எண்டு. நான் அதைச் செய்யேல்ல, நீங்களும் செய்யாதேங்கோ. இரவல் மிசின் எண்டபடியா மட்டும் இல்ல. பிறகொரு நாள் பிரிண்டர் டிரைவரோ வேற ஏதோ அந்த மிசினில தன்னைத் தானே கட்டிக்கொள்ளேக்க அது ஏழை எதிர்பாத்திருக்கும். எட்டைக் கண்டு முழிக்கும். யார் மாத்தினது எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் எட்டைப் பாவி எண்டு சொல்ல வழி இருக்கு. கட்ட முந்தி ஓடுற ‘கொன்ஃபிகர்’ கட்டளைக்கு முன்னால கம்பைலரின்ர பேரை எழுதிவிட்டால் அது அந்த ஒரு கட்டுமானத்துக்கு மட்டும் செல்லும். அதே வரியில நான் இன்னும் ரெண்டு சொன்னன்: அந்தத் தனி லைப்ரரியை இணை எண்டு ஒண்டு, கட்டினதை மிசினின்ர பொது இடத்தில வைக்காமல் என்ர வீட்டுக் கோப்புறைக்குள்ள வை எண்டு ஒண்டு. வேலை முடிய அந்தக் கோப்புறையை அழிச்சால் மிசின் தந்தமாதிரியே திரும்பிப் போகும்.

ஏழால பாதி கட்டின துண்டுகளையும் முழுசா அழிச்சன். ரெண்டு கம்பைலரின்ர துண்டுகள் ஒண்டாக் கலந்தால் வாற பிழைகளுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க ஏலாது எண்டு தோழி முன்னமே எச்சரிச்சவள்.

கொன்ஃபிகர் ஓடி முடியேக்க கடைசிப் பத்து வரியை வாசியுங்கோ. இது முக்கியம். பழக்கிற கருவிகளுக்கு பாங்கோ, கைரோ, ஐசியு எண்டு மூண்டு லைப்ரரியின்ர அபிவிருத்திப் பொதிகள் வேணும். அதுகள் இல்லாட்டியும் கொன்ஃபிகர் கோவிக்காது. ‘பழக்கிற கருவிகள் கட்டப்படமாட்டாது’ எண்டு அமைதியா ஒரு வரி எழுதிப்போட்டு வெற்றியா முடிக்கும். முழு இரவும் கட்டினாப் பிறகு, எதுக்காகக் கட்டினமோ அது மட்டும் இருக்காது.

முழு இரவு எண்டு சும்மா சொல்லேல்ல. 1 ஜி.பி. ராமில ஒரே நேரத்தில ரெண்டு கோப்பைக் கட்டச் சொன்னால் மிசின் இறுகிப்போகும். ஒண்டொண்டாத்தான். இரவு பத்து மணிக்குத் தொடக்கிவிட்டுப் படுத்தன். விடிய மூண்டு மணி போல கரண்ட் போச்சு. அந்த லப்டொப்பின்ர பற்றறி பத்து நிமிசமும் தாங்காது. எங்கட தீவின்ர தெற்குக் கரையில முப்பது காற்றாலை வரிசையா நிக்குது, இரவில சிவப்பு விளக்கு மினுக்கும், கண்ணுக்கு நல்ல வடிவு. வீட்டில இருட்டு. அதைப்பற்றி வேற ஒரு கட்டுரை எழுதலாம்.

ஆனா இதில ‘மேக்’ எண்ட கருவியைப் பாராட்டவேணும். 1976இல பெல் ஆய்வுகூடத்தில ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினது. எது கட்டி முடிஞ்சுது, எது இனி எண்டு கோப்புகளின்ர நேரத்தைப் பாத்தே அறிஞ்சு, விட்ட இடத்தில இருந்து தொடரும். கரண்ட் வந்தாப் பிறகு திரும்ப ஓடவிட்டன். தொடர்ந்து போய்க் கடைசியா இணைக்கேக்க ஒரு கோப்பு ‘அரைகுறை’ எண்டு நிண்டுது. கரண்ட் போன கணத்தில எழுதிக்கொண்டிருந்த துண்டு அது. பேர் இருக்கு, உள்ளுக்க ஒண்டும் இல்ல, பூச்சியம் பைட். நேரத்தை மட்டும் பாக்கிற மேக்குக்கு அது முடிஞ்ச வேலை மாதிரித் தெரிஞ்சிருக்கு. அந்த ஒண்டை அழிச்சுப்போட்டுத் திரும்ப மேக். முடிஞ்சுது. மின்வெட்டுள்ள ஊரில இருக்கிற எல்லாரும் இதை எழுதி வைச்சிருங்கோ.

இடையில காத்திருந்த இரவுகளில ஒரு கேள்வி வந்தது. ஜிசிசியும் ஒரு மென்பொருள்தானே, அதைக் கட்டிறது எந்தக் கம்பைலர்? முந்தின ஜிசிசி. 1987இல ரிச்சர்ட் ஸ்டோல்மன் முதல்ல வெளியிடேக்க அது சி மொழியில இருந்தது. 4.8இல இருந்து அதைக் கட்டவே சி++ கம்பைலர் வேணும். ஜிசிசி 11ஐக் கட்ட சி++11 தெரிஞ்ச ஒண்டு வேணும், அதாவது குறைஞ்சது 4.8. புது ஜிசிசியைப் பழைய கம்பைலரால ஒருக்காக் கட்டி, கட்டினதால தன்னையே திரும்பக் கட்டி, அதால இன்னொருக்காக் கட்டி, கடைசி ரெண்டும் ஒரேமாதிரி இருக்கா எண்டு ஒப்பிட்டுப் பாப்பினம். ஒவ்வொண்டும் தனக்கு முந்தினதின்ர தோளில. இடையில ஒரு கண்ணி அறுந்தால் பின்னால இருக்கிற சோர்ஸ் கோட் முழுசா இருந்தும் பிரயோசனம் இல்ல.

இதைப் பெரியப்பாவுக்குச் சொல்ல முயற்சி செய்தன். கம்பைலர் எண்ட சொல்லை விட்டுட்டு, “முந்தின புத்தகம் தெரியாட்டி இந்தப் புத்தகம் வாசிக்க ஏலாது, அப்பிடியொரு பிரச்சின” எண்டன். அவர் எங்கட நாடகத்தின்ர ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். பாட்டுக்கு மேல சின்ன எழுத்தில ‘மெட்டு’ எண்டு போட்டு இன்னொரு பாட்டின்ர முதல் மூண்டு சொல் இருந்தது. இந்தப் பாட்டை அந்தப் பாட்டின்ர மெட்டில பாடு எண்டு அர்த்தம். அச்சடிச்ச காலத்தில அந்தப் பாட்டு ஊருக்கெல்லாம் தெரியும், அதால மூண்டு சொல் போதும். இப்ப அந்த மூலப் பாட்டு யாருக்குத் தெரியும்? “எனக்குத் தெரியும். தலைமன்னாரில ஒருத்தர் இருந்தவர், அவருக்கும் தெரியும். அவர் போயிற்றார்” எண்டார்.

எனக்கு அந்த நேரம் கொஞ்சம் வயித்தைக் கலக்கினது. நான் இவ்வளவு நாளும் எழுத்தைக் காப்பாத்திறதைப் பற்றித்தான் யோசிச்சன். 96 பக்கமும் ஒரு புள்ளி பிழையில்லாமல் யூனிகோடில வந்தாலும், அந்த மெட்டுத் தெரிஞ்ச ஆள் இல்லாட்டி அதைப் பாட ஏலாது. விருத்தத்துக்கும் கொச்சகத்துக்கும் ஓரளவு பொது வழி இருக்கு, பழகின வேற அண்ணாவிமார் பாடுவினம். பிரச்சினை இந்த மெட்டுக் காட்டின தருக்களில. எண்ணிப் பாத்தன், பதினேழு. ஜிசிசி 8 களஞ்சியத்தில கிடந்தது. பெரியப்பா ஒராள்தான், 78 வயசு.

அதால விடுமுறையின்ர கடைசிக் கிழமை வேலை ரெண்டாப் பிரிஞ்சுது. இரவில மிசின் பழகினது. நான் 214 வரியைப் படமா வெட்டி, ஒவ்வொண்டுக்கும் சரியான எழுத்தை அடிச்சுக் குடுத்தன். அடிப்படையா எடுக்கிற தமிழ் மாதிரி ‘பெஸ்ட்’ எண்ட வகையா இருக்கவேணும், வேகத்துக்குச் சுருக்கின வகையில மேலதிகமாப் பழக்க ஏலாது. இந்த அட்டத்தில வேகக் கணிப்புக்கான வசதிகள் இல்லாதபடியா சரியான மெதுவு, ஆனா கடைசியில ‘அன்னை’ அன்னையாவே வந்தா. ‘ணை’யில இன்னும் தடுமாறுது, அந்த எழுத்து என்ர வரிகளில குறைவு, கூட்டிக் குடுக்கவேணும். பகலில பெரியப்பாவைப் பாடச் சொல்லிப் போனில பதிஞ்சன். பின்னேரம் கடல்காத்து மைக்கில அடிக்கும் எண்டபடியா காலமையிலதான். பதினேழில பதினொண்டு பதிஞ்சாச்சு. ரெண்டு மெட்டு அவருக்கே முழுசா வரேல்ல, ஒரு அடிக்குப் பிறகு நிண்டுபோச்சு. நாலு இன்னும் பதிய வேணும்.

இப்ப பாடப் புத்தகம் 61ஆம் பக்கம் வரை திருத்தி முடிஞ்சுது, 20 புள்ளி எழுத்தில அச்செடுத்துப் பெரியப்பாவிட்டக் குடுத்திருக்கிறன். அவர் ரெண்டு இடத்தில புத்தகமே பிழை எண்டு பென்சிலால திருத்தித் தந்தார். அதையும் தனியா வைச்சிருக்கிறன், மூலத்தில இருந்தது இது, அண்ணாவியார் சொல்லுறது இது எண்டு.

கோப்புறைக்குள்ள ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கு. லுபுண்டு 18.04, 32 பிட். ஜிசிசி 8. டெசராக்ட் 5.5. லெப்டோனிகா 1.75. எந்தத் தமிழ் மாதிரியில இருந்து தொடங்கினது, கொன்ஃபிகருக்குக் குடுத்த முழு வரி, எந்தத் திகதி. கீழ பதினேழு தருவின்ர முதல் சொல், மெட்டின்ர முதல் சொல், ஒலிப்பதிவின்ர பேர். பதியாத நாலுக்கும் நேர வெறும் கோடு போட்டிருக்கு. அடுத்த மாதம் பரீட்சை முடிய ஊருக்குப் போறன்.